விக்டரி மாடல் ரிவால்வருக்கு 950 டாலர் கேட்கிறார்கள்: தகுமா?

எரிக்கரை

வணக்கம். ஒஹாயோவில் கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பதக்கங்கள், வரைபடங்கள், ராணுவ அஞ்சல் அட்டைகள் ஆகியவற்றைச் சேர்த்து வருகிறேன். துப்பாக்கிப் பக்கம் இதுவரை போனதில்லை.

சென்ற வார இறுதியில் இங்கு நடந்த துப்பாக்கிச் சந்தையில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் விக்டரி மாடல் ஒன்று மேசையில் கிடந்தது. "அமெரிக்கக் கடற்படை, 2ஆம் உலகப்போர், மிக அரிது, 950" என்று விலைச்சீட்டு. நான்கு அங்குலக் குழல், .38 ஸ்பெஷல் தோட்டா போடலாம் என்றார் விற்பவர். வரிசை எண் 'வி' எழுத்தில் தொடங்குகிறது. சட்டத்தின் (ரிவால்வரின் உடற்கூடு) மேல்முதுகில் "யுனைடெட் ஸ்டேட்ஸ் பிராப்பர்ட்டி" என்று பொறித்திருக்கிறது. முகம் பார்க்கலாம் போல நீலப் பளபளப்பு. பணமாகக் கொடுத்தால் 900க்குத் தருவாராம். அடுத்த மாதமும் அதே சந்தைக்கு வருவார்.

படங்களை இணைத்திருக்கிறேன். இந்த விலை நியாயமா?

தெற்கத்திக்காற்று

பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் 900 அதிகம். 700 சொல்லிப் பாருங்கள்.

பழம்பொறி

700ம் சொல்ல வேண்டாம், சற்றுப் பொறுங்கள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எரிக்கரை, நீங்கள் அழகு என்று நினைக்கும் அந்தப் பளபளப்புதான் எனக்கு முதல் உறுத்தல்.

விக்டரி மாடல் போர்க்கால அவசரத்தில் பிறந்தது. வரிசை எண் பத்து லட்சத்தை எட்டியதும் 1942இல் 'வி' என்ற முன்னெழுத்துடன் புதிய வரிசையைத் தொடங்கினார்கள். மெருகேற்றும் வேலையை அப்போதே கைவிட்டுவிட்டார்கள். மங்கிய சாம்பல் கலந்த கறுப்புப் பூச்சு, கோடு வெட்டாத வழுவழுப்பான வால்நட் பிடி, அடியில் கயிறு மாட்டும் வளையம், அவ்வளவுதான். 1940, 41இல் பிரிட்டனுக்குப் போன முதல் தொகுதிகளில் பளபளப்பான நீலம் உண்டு. அவற்றின் எண்ணில் 'வி' இருக்காது. 'வி' எழுத்தும் கண்ணாடி நீலமும் ஒரே உடம்பில் இருந்தால் அந்த நீலம் பிறகு யாரோ பூசியது.

இன்னொரு சாட்சி உங்கள் மூன்றாவது படத்தில் இருக்கிறது. விசையும் சுத்தியலும் கூட நீலமாகத் தெரிகின்றன. அக்காலத்து ஸ்மித் அண்டு வெஸ்ஸனில் அந்த இரண்டும் வெப்பக் கடினமாக்கலில் வரும் பழுப்பும் நீலமும் சாம்பலும் கலந்த தேமல் நிறத்தில் இருக்கும். அவற்றையும் சேர்த்துச் சாயத்தில் முக்கியிருக்கிறார்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருப்பதைப் பாருங்கள். பூசுவதற்கு முன் சாணைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்ததால் வந்தது. உள்ளுறுப்புகளை மூடும் பக்கத்தட்டு சட்டத்தோடு சேருமிடத்தில் மயிரிழை தெரியக்கூடாது. இங்கே கோடு நன்றாகவே தெரிகிறது.

மறுபடி போனால் நான்கு இடங்களைப் படம் எடுத்து வாருங்கள். பிடியின் அடிப்பகுதி, சிலிண்டரின் பின்முகம், குழலின் அடியில் தள்ளுகம்பி (வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளுவது) மறையும் தட்டையான பகுதி, சட்டத்தின் இடப்பக்கம் குழல் திருகப்பட்டிருக்கும் மூலை. கையில் எடுக்குமுன் காலியாக இருக்கிறதா என்று விற்பவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

எரிக்கரை

நன்றி ஐயா. "யுனைடெட் ஸ்டேட்ஸ் பிராப்பர்ட்டி" என்று இருக்கிறதே, அது போதாதா? அதைக் காட்டித்தான் கடற்படை என்று சொன்னார்.

பழம்பொறி

அந்த முத்திரையை வைத்துத்தான் பெரும்பாலானவர்களை ஏமாற்றுகிறார்கள். ஏமாற்றும் எண்ணமில்லாத விற்பனையாளரும் அதைப் பார்த்துத் தானே ஏமாந்திருப்பார். 1941 மார்ச்சில் வந்த கடன்-குத்தகைச் சட்டத்தின்படி அமெரிக்கா ஆயுதங்களைப் பிரிட்டனுக்கும் அதன் ஆட்சிப்பரப்புகளுக்கும் விற்கவில்லை, இரவல் கொடுத்தது. சொத்து அமெரிக்காவுடையதாகவே இருந்தது. அதனால்தான் அமெரிக்க அரசின் சொத்து என்று முதுகில் பொறித்து லண்டனுக்கும் சிட்னிக்கும் கேப் டவுனுக்கும் அனுப்பினார்கள். ஆகவே அந்த வாசகத்தைப் பார்த்தால் "இது வெளிநாடு போயிருக்கலாம்" என்றுதான் முதலில் எண்ண வேண்டும்.

கடற்படைக்குப் போனவை பலவற்றில் கடற்படையின் பெயரே வெளிப்படையாக இருக்கும்.

ஏலக்கணக்கு

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. "மிக அரிது" என்று சீட்டில் இருப்பது வேடிக்கை. பிரிட்டனுக்குப் போனவற்றையும் சேர்த்தால் லட்சக்கணக்கில் செய்த ரிவால்வர் இது. அரிது என்ற சொல்லுக்குச் சந்தையில் விலை கிடையாது. மாற்றப்படாமல் மிஞ்சியது மட்டும்தான் அரிது.

தெற்கத்திக்காற்று

பழம்பொறி அண்ணா சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் சேகரிப்பாளர்களின் இந்தப் பூச்சுப் பித்து எனக்குப் புரிவதில்லை. துரு ஏறிய ரிவால்வரை ஒருவர் நன்றாகத் தேய்த்து, நல்ல நீலம் பூசி வைத்தால் அதன் மதிப்பு பாதியாகிறதாம். ஒட்டடையோடு விட்டுவைத்தால் இரட்டிப்பாகிறதாம். வீட்டை வெள்ளையடித்தால் வாடகை குறையுமா?

பழம்பொறி

வீட்டில் யாரோ குடியிருக்கப் போகிறார்கள், இதில் யாரும் குடியிருக்கப் போவதில்லை. வெறுமனே சுடுவதற்கென்றால் உங்கள் வாதம் செல்லும். அந்தக் கணக்கில் இன்று கடையில் புதிதாக வாங்கும் ரிவால்வர் இதைவிட நன்றாகச் சுடும். 1942இல் செய்ததற்கு ஒருவர் கூடுதல் பணம் கொடுக்கிறார் என்றால் 1942க்காகக் கொடுக்கிறார். 1978இல் ஒரு கொட்டகையில் பூசிய நீலத்துக்கு அவர் ஏன் கொடுக்க வேண்டும்?

துருவைத் தேய்த்தவர் துருவோடு சேர்த்து முத்திரைகளையும் கூர்விளிம்புகளையும் தேய்த்துவிட்டார். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மட்டுறுத்துநர்

விவாதம் தொடரட்டும். நடுவில் ஒரு நினைவூட்டல், ஏனெனில் இத்தகைய இழைகளை ஹெச்-1பி விசாவில் இருக்கும் பலர் படிக்கிறார்கள்.

குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்தவை 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தொல்பொருள் என்ற வகையில் வருகின்றன. மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். வாங்குவதற்கு முன் வழக்கறிஞரிடமோ உரிமம் பெற்ற கடைக்காரரிடமோ கேளுங்கள். ஆசையில் வாங்கிவிட்டுக் குடியேற்றக் கோப்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எரிக்கரை

நான் கிரீன் கார்டில் இருக்கிறேன். இருந்தாலும் உரிமம் பெற்ற கடை வழியாகப் பின்னணிச் சோதனையோடுதான் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

வைகைக்கரை

மதுரையிலிருந்து எழுதுகிறேன். நமக்கும் இதற்கும் வெகுதூரம், என்றாலும் ஒரு சந்தேகம். இங்கே பழைய வெப்ளி .32 ரிவால்வர்களை லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அதே வெப்ளி அமெரிக்காவில் சில நூறு டாலர் என்று படித்தேன். எது நியாயமான விலை?

ஏலக்கணக்கு

இரண்டும் அந்தந்த ஊருக்கு நியாயம். இந்தியாவில் தனியார் இறக்குமதி 1980களின் மத்தியிலிருந்து ஏறக்குறைய நின்றுவிட்டது. உள்ளே இருப்பதுதான் கைமாறிக்கொண்டே இருக்கிறது. உரிமம் வைத்திருப்பவர் நம்பிப் பயன்படுத்த அயல்நாட்டுத் தயாரிப்பு வேண்டும் என்கிறார், சரக்கோ புதிதாக வராது. அந்த விலை தட்டுப்பாட்டுக்கான விலை. பூச்சு, முத்திரை, வரிசை எண் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. நன்றாக இயங்குகிறதா என்பதே கேள்வி. தவிர, 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவதை ஒப்படைக்கவோ விற்கவோ வேண்டிய நிலை வந்தது. அங்கே சேகரிப்பு என்ற பொழுதுபோக்குக்கு இடமே சிறிது.

ஆகவே மதுரை விலையை வைத்து ஒஹாயோவில் பேரம் பேச முடியாது.

எரிக்கரை

மறுபடி பார்த்துவிட்டு வந்தேன். பழம்பொறி ஐயா கேட்ட நான்கு இடங்களின் படங்கள் கீழே.

பிடியின் அடியிலும் குழலின் அடியிலும் எண் ஒன்றுதான். சிலிண்டரின் பின்முகத்தில் இருப்பது வேறு எண். சட்டத்தின் இடப்பக்கம் கிரீடம் போல ஒரு சிறு முத்திரை, அதன் கீழ் பிஎன்பி என்ற எழுத்துகள். குழலின் பக்கவாட்டில் மிக மங்கலாக ".38", ".767", "3½ டன்" என்று இருக்கிறது. விற்பவரிடம் கேட்டதற்கு "அது ஆய்வாளர் முத்திரை" என்றார்.

பழம்பொறி

ஆய்வாளர் முத்திரைதான். ஆனால் பர்மிங்காம் ஆய்வாளர்!

இந்த ரிவால்வர் தன் வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டே மறைக்கப் பார்த்திருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

பிஎன்பி என்பது பர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரை. பிரிட்டிஷ் ராணுவத்தின் உபரித் துப்பாக்கிகளை வணிகத்துக்கு விடுமுன் அங்கே கூடுதல் அழுத்தத்தில் வெடித்துப் பார்த்து முத்திரையிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அமெரிக்கக் கடற்படையின் கையில் இருந்த ரிவால்வருக்கு பர்மிங்காமில் வேலையில்லை. ஆகவே இது கடன்-குத்தகையில் பிரிட்டனுக்குப் போய், போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்டு, அமெரிக்காவுக்குத் திரும்பியது. வந்தது 1950களிலோ 60களின் தொடக்கத்திலோ இருக்க வேண்டும். 1968 சட்டத்துக்குப் பின் வந்திருந்தால் இறக்குமதியாளர் பெயர் எங்காவது பொறித்திருக்கும், உங்கள் படங்களில் அது இல்லை.

இனி அந்த ".767". அது தோட்டாக் கூட்டின் நீளம், அங்குலத்தில். பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய .380 தோட்டா குட்டையானது, அமெரிக்காவில் .38 எஸ் அண்டு டபிள்யூ என்பார்கள். .38 ஸ்பெஷலின் கூடு 1.155 அங்குலம். பெயரில் இரண்டும் .38 என்றாலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உங்கள் ரிவால்வர் .38 ஸ்பெஷலை முழுவதும் விழுங்குகிறது என்றால், யாரோ தோட்டா அறைகளை ஆழமாகக் கடைந்திருக்கிறார்கள். அன்றைக்கு இறக்குமதி செய்தவர்கள் இதை ஆயிரக்கணக்கில் செய்தார்கள். குட்டைத் தோட்டாவுக்கு அமெரிக்காவில் கிராக்கி இல்லை, ஸ்பெஷலுக்கு இருந்தது.

இதில் ஒரு கோளாறு உண்டு. குட்டைத் தோட்டா சற்றுப் பருமன்: .386 அங்குலம். ஸ்பெஷல் .379. அறையின் பின்பாதி பழைய அகலத்திலேயே இருக்க, மெலிந்த கூட்டைப் போட்டுச் சுட்டால் கூடு வயிறு ஊதிக்கொண்டு வெளியே வரும். சில நேரம் பிளந்தும்விடும்.

குழலும் சந்தேகத்துக்குரியது. பிரிட்டனுக்குப் போன விக்டரிகளில் மிகப் பெரும்பாலானவை ஐந்து அங்குலம். உங்களுடையது நான்கு. முன்காட்சியின் (குழல் நுனியில் குறிபார்க்க உதவும் மேடு) அடியில் ஈயப்பற்று வைத்த மெல்லிய கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தொழிற்சாலையில் அது குழலோடு ஒன்றாகவே செய்யப்பட்டிருக்கும், ஒட்டு இருக்காது.

கடைசியாக சிலிண்டர். எண் வேறு என்றால் வேறொரு ரிவால்வரின் சிலிண்டர்.

ஆக: புதுப்பூச்சு, கடைந்த அறைகள், ஒருவேளை வெட்டிய குழல், இரவல் சிலிண்டர். விக்டரி மாடலில் சேகரிப்பாளர் பணம் கொடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் கை வைத்திருக்கிறார்கள். நான் பார்த்துவரும் ஏலங்களில் இப்படிப்பட்டவை 300க்கும் 400க்கும் இடையில் போகின்றன. இதற்கு நான் 250 கூடத் தரமாட்டேன், ஆனால் நான் கஞ்சன்.

தெற்கத்திக்காற்று

இப்போது ஒப்புக்கொள்கிறேன். பூச்சுக்காக இல்லை, தோட்டா அறைக்காக. சுடுவதற்கும் ஆகாது, சேர்ப்பதற்கும் ஆகாது.

நூல்வாசி

துப்பாக்கி பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் இந்த இழையைப் படித்ததும் பாரிஸில் நடந்த இரண்டு ஏலங்கள் நினைவுக்கு வந்தன. இரண்டும் 7 மில்லிமீட்டர் லெஃபோஷே வகை ரிவால்வர்கள், இரண்டும் கலை இலக்கியத்தோடு சம்பந்தப்பட்டவை.

1873 ஜூலை 10 அன்று பிரஸ்ஸல்ஸில் கவிஞர் வெர்லேன் ஒரு ரிவால்வர் வாங்கினார். அன்றைக்கே அதைக்கொண்டு இளங்கவிஞர் ரம்போவின் மணிக்கட்டில் சுட்டார். இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த ரிவால்வர் 2016 நவம்பரில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 4,34,500 யூரோவுக்கு விற்றது.

ஓவியர் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டது என்று கருதப்படும் ரிவால்வர் பிரான்ஸின் ஓவேர் ஊரின் வயலில் 1960களில் ஓர் உழவருக்குக் கிடைத்தது. துருப்பிடித்து எலும்பாய்ப் போன ஒன்று. 2019 ஜூனில் 1,62,500 யூரோவுக்குப் போனது.

உலகப் புகழில் வான்கோ எங்கே, வெர்லேன் எங்கே! இருந்தும் வெர்லேன் ரிவால்வருக்கு இரண்டரை மடங்குக்கும் மேல். ஏன்?

ஏலக்கணக்கு

நல்ல கேள்வி. வெர்லேன் ரிவால்வரின் வரிசை எண் 14096. அவர் வாங்கிய கடையின் பேரேட்டில் அதே எண் இருக்கிறது. அது ஒரு வழக்கின் தடயப்பொருளும் கூட. இரும்பும் காகிதமும் ஒன்றையொன்று சுட்டுகின்றன.

வான்கோ விஷயத்தில் இடம் பொருந்துகிறது, குண்டின் அளவு பொருந்துகிறது, மண்ணில் கிடந்த காலம் பொருந்துகிறது. ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான்கோ அருங்காட்சியகமும் 2016இல் அதைக் காட்சிக்கு வைத்தது. ஆனால் இதுதான் அது என்று சொல்ல எழுத்து எதுவும் இல்லை. 'அநேகமாக' என்ற ஒரு சொல்லுக்குத்தான் அந்த விலைக்குறைப்பு என்பது என் எண்ணம். வேறு காரணங்களும் இருக்கலாம்; ஏலத்தில் அன்றைக்கு அரங்கில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் ஒரு காரணம்தான்.

2021இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் பில்லி த கிட் என்ற கொள்ளையனைச் சுட்ட ஷெரீஃப் பாட் காரெட்டின் கோல்ட் ரிவால்வர் 60 லட்சம் டாலரைத் தாண்டியதும் கைமாறிய கதை எழுத்தில் இருந்ததால்தான்.

எரிக்கரைக்கு இதிலிருந்து கிடைப்பது: விற்பவர் "என் தாத்தா பசிபிக்கில் வைத்திருந்தார்" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கென்று ஒரு டாலரும் கூட்டாதீர்கள். தாத்தாவின் பணிப்பதிவில் வரிசை எண் இருந்தால் பிறகு பேசலாம்.

வைகைக்கரை

கவிஞர் வாங்கிய அன்றே சுட்டதால் பூச்சு நூறு சதவீதம் இருந்திருக்கும்.

எரிக்கரை

சிரித்துவிட்டேன். அந்த 950 டாலர் ரிவால்வரை விட்டுவிட்டேன். முன்காட்சியின் அடியில் ஒட்டுக்கோடு இருந்தது.

விற்பவரிடம் பிஎன்பி பற்றிச் சொன்னேன். சண்டைக்கு வரவில்லை, "அப்படியானால் 600" என்றார். இப்போது எனக்குக் கேள்வி வேறு. விலையை எங்கிருந்து தெரிந்துகொள்வது? இணையத்தில் தேடினால் 400 முதல் 2,000 வரை இருக்கிறது.

ஏலக்கணக்கு

நீங்கள் பார்த்தது கேட்கும் விலை. கேட்பதற்குக் காசா பணமா? 2,000 என்று போட்டு மூன்று ஆண்டுகளாக விற்காமல் கிடக்கும் சரக்கும் அந்தப் பட்டியலில் இருக்கும். முடிந்த ஏலங்களில் விற்றுப்போன விலையை மட்டும் பாருங்கள். கன்புரோக்கர் என்ற இணைய ஏலத் தளத்தில் கணக்கு வைத்திருந்தால் முடிந்த ஏலங்களைத் தேடலாம். பெரிய ஏல நிறுவனங்களும் பழைய முடிவுகளைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன.

அதிலும் ஒப்பிடும்போது ஒத்ததை ஒத்ததோடு ஒப்பிட வேண்டும். கடற்படை முத்திரையுள்ள விக்டரி, பிரிட்டனுக்குப் போன விக்டரி, உள்நாட்டுத் துறைமுகக் காவலுக்கும் ஆயுதத் தொழிற்சாலைக் காவலுக்கும் கொடுத்த விக்டரி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதைப் பாருங்கள். உச்ச விலை பெரும்பாலும் இரண்டு பிடிவாதக்காரர்கள் மோதிக்கொண்டதன் விளைவு. எனக்குத் தெரிந்து இப்போதைய நிலவரத்தில் மாற்றப்படாத பிரிட்டிஷ் விக்டரி 500 முதல் 700 வரை. நல்ல நிலையில் உள்ள கடற்படை விக்டரி ஆயிரத்தை ஒட்டியும் அதற்கு மேலும். இது சந்தை ஏறி இறங்கும்போது மாறும்.

அச்சிட்ட விலைக்கையேடுகளும் உண்டு. அவை பூச்சு எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்து விலை போடுகின்றன. கையேட்டில் 95 சதவீதம் என்ற தலைப்பில் உள்ள விலையைப் பார்த்துவிட்டு 70 சதவீதப் பொருளுக்கு அதைக் கொடுப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. விற்பவர் சொல்லும் சதவீதத்தில் பத்தைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஏலத்தில் எடுத்தால் ஏலக்காரரின் சுத்தியல் விழுந்த விலை உங்கள் விலை அல்ல. அதன் மேல் வாங்குபவர் கட்டணம் 15 முதல் 25 சதவீதம் வரை, விற்பனை வரி, அனுப்பும் செலவு, உங்கள் ஊர்க் கடைக்காரர் பதிவு மாற்றத்துக்கு வாங்கும் கூலி. இவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து கழித்து, கையை எதுவரை தூக்குவது என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

பழம்பொறி

பூச்சுச் சதவீதம் எல்லா ரிவால்வருக்கும் ஒரே மாதிரி கடிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோல்ட் நிறுவனத்தின் பைதான் ரிவால்வர் 1955இல் வந்தபோதே ஆடம்பரப் பொருள். அந்த ஆழ்ந்த நீலத்துக்காகவே வாங்குகிறார்கள். சிலிண்டரைச் சுற்றி ஒரு கீறல் வளையம் விழுந்தாலே விலை இறங்கும். பெட்டியும் காகிதங்களும் இருந்தால் ஏறும். அதனால் காலிப் பெட்டிகளே தனியாக விற்பனைக்கு வருகின்றன. பெட்டியின் ஓரச்சீட்டில் உள்ள எண் ரிவால்வரின் எண்தானா என்று பார்க்காமல் பெட்டிக்குப் பணம் கொடுக்கக் கூடாது. 2020இல் கோல்ட் புதிய பைதானை 1,499 டாலர் விலைப்பட்டியலோடு மறுபடி கொண்டுவந்தது. பழையவை தரையில் விழும் என்றார்கள். சுடுவதற்காக வாங்கியவர்கள் புதியதற்குப் போனார்கள், பெட்டியோடு இருந்த பழையது பழைய இடத்திலேயே நின்றது.

விக்டரி அப்படியல்ல. உறையில் கிடந்து, மழையில் நனைந்து, ஓரங்கள் வெளுத்துப்போன விக்டரி இயல்பானது. அந்தத் தேய்மானத்தை நான் மன்னிப்பேன். எண் பொருந்தாமையையும் கடைந்த அறையையும் மன்னிக்க மாட்டேன். குழலுக்குள் ஆழமான துருக்குழிகள் இருந்தாலும் யோசிப்பேன்.

தெற்கத்திக்காற்று

தொழிற்சாலைக் கடிதம் வாங்குவது பயனுள்ளதா? ஸ்மித் அண்டு வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளை கட்டணம் பெற்றுக்கொண்டு தருகிறது அல்லவா?

பழம்பொறி

தருகிறது. எந்தத் தேதியில் தொழிற்சாலையை விட்டுப் போனது, யாருக்கு அனுப்பினார்கள், என்ன பூச்சு, எத்தனை அங்குலக் குழல் என்று பழைய பதிவேட்டிலிருந்து எடுத்துச் சொல்வார்கள். போருக்கு முந்தைய வணிக ரிவால்வருக்கு, குறிப்பாக 1935இல் தொடங்கிய 'பதிவு மேக்னம்' (ரெஜிஸ்டர்ட் மேக்னம்) ரிவால்வர் போன்றவற்றுக்குக் கடிதம் இல்லாமல் பேச்சே இல்லை. விக்டரிக்குப் பெரும்பாலும் அரசுக் கிடங்குக்குப் போனது என்று மட்டும் வரும். 600 டாலர் பொருளுக்கு அது வீண்செலவு, ஒன்றைத் தவிர: குழலின் நீளத்தில் சந்தேகம் இருந்தால் கடிதம் தீர்த்துவைக்கும்.

எரிக்கரை

ஒரு மாதமாக எதுவும் எழுதவில்லை. காரணம் இதுதான்: இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூர் ஏலத்தில் விக்டரி ஒன்று வந்தது. பட்டியலில் "பழைய போலீஸ் ரிவால்வர்" என்று ஒரே வரி. படம் மங்கல். முந்தின நாள் பார்வைக்கு வைத்திருந்தார்கள், போய்ப் பார்த்தேன்.

ஐந்து அங்குலக் குழல். நிறம் மங்கிய கறுப்பு, குழல் நுனியிலும் சிலிண்டர் விளிம்பிலும் வெள்ளி போல் தேய்ந்திருக்கிறது. விசையிலும் சுத்தியலிலும் தேமல் நிறம் லேசாக மிஞ்சியிருக்கிறது. அடிப்பிடி, குழல், சிலிண்டர் மூன்றிலும் ஒரே எண். பிஎன்பியும் ".767"ம் துலக்கமாக இருக்கின்றன. தோட்டா அறைக்குள் விளக்கடித்துப் பார்த்தேன், அறை குறுகும் இடத்துப் படி அப்படியே இருக்கிறது, கடையவில்லை. இறக்குமதியாளர் பெயர் எங்கும் இல்லை. திருகுகளின் வாய் கிழியவில்லை. குழலுக்குள் வரிகள் தெளிவு, ஓரிடத்தில் சிறு கருமை. வலப்பக்கப் பிடிப்பலகையின் உட்புறத்தைப் பார்க்க அனுமதிக்கவில்லை.

520க்குச் சுத்தியல் விழுந்தது. 18 சதவீதக் கட்டணமும் வரியும் சேர்த்து 660க்குச் சற்று மேல். பின்னணிச் சோதனை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டது. பிடியைக் கழற்றிப் பார்த்தேன்: பலகையின் உட்புறத்தில் இருக்கும் எண் வேறு.

ஏலக்கணக்கு

நான் சொன்ன எல்லைக்குள் மேல்பக்கம். பேரம் இல்லை, ஏமாற்றமும் இல்லை. பிடிப்பலகை மாறியிருப்பதற்கு ஐம்பது டாலர் கழித்தாலும் கணக்கு உதைக்காது.

தெற்கத்திக்காற்று

660க்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதியதாக ஒன்று வாங்கியிருக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்தால் அந்த 950ஐ விட இது எனக்கே பிடித்திருக்கிறது. வாழ்த்துகள்.

பழம்பொறி

நன்றாகப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். பிடிப்பலகை பற்றிக் கவலை வேண்டாம். ராணுவப் பணிமனையில் பத்து ரிவால்வர்களை ஒன்றாகக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டும்போது பலகைகள் இடம் மாறுவது சகஜம். பலகை அதே காலத்தது என்றால் போதும். எண் ஒத்துப்போக வேண்டும் என்று இணையத்தில் வேறு பலகை தேடிப் புது எண் அடித்துவிடாதீர்கள். அதற்குப் பெயர் மோசடி.

இரும்பில் மெல்லிய எண்ணெய், துணியால் ஒற்றினால் போதும். மெருகுப்பசை எதுவும் கிட்டே வரக்கூடாது. தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துத் துருவைக் கொடுக்கும். பூட்டிய பெட்டியில் வையுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். 'வி'க்கு முன்னால் 'எஸ்' இருக்கிறதா? 1944இல் கடற்படை வீரர் ஒருவரின் விக்டரி கப்பல் தளத்தின் இரும்பில் விழுந்து வெடித்து ஒருவர் இறந்தார். அதன் பிறகு சுத்தியலைத் தடுக்கும் உள்ளுறுப்பை மாற்றி வடிவமைத்து, புதிய எண்களில் 'எஸ்' சேர்த்தார்கள். பழையவற்றிலும் பலவற்றைத் திருத்தினார்கள்.

எரிக்கரை

'எஸ்' இல்லை. வெறும் 'வி'தான். விலையில் அது வித்தியாசம் செய்யுமா?

பழம்பொறி

விலையில் பெரிதாக இல்லை. ஆனால் ஆறு அறையிலும் தோட்டா நிரப்பி வைக்கக்கூடிய ரிவால்வர் இல்லை இது. என்றாவது மைதானத்தில் சுட்டுப் பார்க்கத் தோன்றினால், முதலில் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். அதன் பிறகும் ஐந்துதான், சுத்தியலுக்கு நேரே உள்ள அறை காலியாக இருக்கட்டும். தோட்டா .38 எஸ் அண்டு டபிள்யூ என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும், ஸ்பெஷல் அல்ல. எல்லாக் கடையிலும் கிடைக்காது, சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும்.